ஒரு பென்னிப் பத்திரிகை

கி.பி. 1799-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின்கண் சமயச் சிறுநூற் சங்கம் என்பதொன்று தோன்றிற்று. எளியோர்க்கு அறவுரைப் பிரசுரங்களை மலிவாக வழங்குதலே அதன் நோக்கம். பின்னாளில் எழுத்தறிவு பரவப் பரவ, கள்வர் கதைகளும் கொலைக் கதைகளும் ஒரு பென்னி விலைக்குச் சிறுவர் கைகளிற் புகுந்தன. கண்டித்தலால் மட்டும் அவை ஒழியா எனச் சங்கத்தார் தெளிந்தனர். ஆகவே 1879-இல் 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்னும் வாரப் பத்திரிகையை அதே ஒரு பென்னிக்கு வெளியிட்டனர். மறு ஆண்டிற் பெண்மக்கட்கும் ஒன்று தொடங்கினர். சமய போதனை சுருங்கி, விளையாட்டும் வீரக்கதையும் மிகுதல் தகுமோவெனச் சங்கத்துட் சிலர் தயங்கினர். ஆசிரியர் ஹட்சிசனோ, சிறுவர் தாமே விரும்பிப் படிப்பனவற்றையே முன்வைத்தார். அப்பத்திரிகை 1967 வரை நிலைத்தது.

அன்பர்காள்! தீய நூலைப் பழித்தலினும், அதனினும் இனிய நன்னூலை அதே விலைக்கு அளித்தலன்றோ மக்களைக் காக்கும் வழி!