கணினிப் போர் ஆட்டங்களின் விலையும் சந்தைப் போட்டியும்

கணினிப் போர் ஆட்டம் என்பது, வரலாற்றில் நடந்த அல்லது நடக்கக்கூடிய ஒரு போரை வரைபடம், படைப்பிரிவுகள், வழங்கல் முதலியவற்றைக் கொண்டு கணினியில் நிகழ்த்திக் காட்டும் வியூக ஆட்ட வகையாகும். இது நிகழ்பட ஆட்டச் சந்தையின் மிகச் சிறிய பகுதியாகும். பொதுவாக நிகழ்பட ஆட்டங்களின் விலை, வெளியான சில மாதங்களிலேயே குறையத் தொடங்கும். ஆனால் போர் ஆட்டங்கள் பல, எளிய வரைகலையுடன் இருந்தும் ஆண்டுக்கணக்கில் உயர்ந்த விலையிலேயே விற்கப்பட்டு வந்துள்ளன. 2010 இல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் வெளியிட்ட "வார் இன் த ஈஸ்ட்" ஏறத்தாழ 80 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் புதிய கணினி ஆட்டங்கள் பெரும்பாலும் 50 முதல் 60 டாலர் வரை விற்கப்பட்டன.

வரலாறு

கணினிப் போர் ஆட்டங்கள், அவலான் ஹில் போன்ற நிறுவனங்களின் பலகை ஆட்டங்களிலிருந்து தோன்றியவை. 1979 இல் ஜோயல் பில்லிங்ஸ் அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் ஆட்டமான "கம்ப்யூட்டர் பிஸ்மார்க்" 1980 இல் ஏறத்தாழ 60 டாலர் விலையில் வெளியானது. அதே ஆண்டில் அவலான் ஹில், ஒலிநாடாவில் பதிந்த விலை குறைந்த கணினி ஆட்டங்களை வெளியிட்டது. எனினும் எஸ்.எஸ்.ஐ. உயர்ந்த விலையிலேயே வளர்ந்தது.

1990களில் கடைகளின் அலமாரி இடத்துக்கான போட்டி கடுமையானது. "வார்கிராஃப்ட்" (1994), "கமாண்ட் அண்ட் காங்கர்" (1995) போன்ற நிகழ்நேர வியூக ஆட்டங்கள் பெருமளவில் விற்றன. எஸ்.எஸ்.ஐ. 1994 இல் மைண்ட்ஸ்கேப் நிறுவனத்திடம் கைமாறியது. 1995 இல் தோன்றிய டாலன்சாஃப்ட் நிறுவனத்தைச் சில ஆண்டுகளில் டேக்-டூ வாங்கியது. பின்னர் இவ்விரண்டு பெயர்களும் சந்தையிலிருந்து மறைந்தன.

இவ்வெற்றிடத்தை இணையவழி நேரடி விற்பனை நிரப்பியது. பேட்டில்ஃப்ரன்ட் நிறுவனம் "காம்பாட் மிஷன்" ஆட்டத்தை 2000 இல் தன் இணையத்தளம் வழியாக விற்றது. 1999 இல் தொடங்கப்பட்ட மேட்ரிக்ஸ் கேம்ஸ் 2010 இல் பிரித்தானிய நிறுவனமான சிலித்தரினுடன் இணைந்தது. கடைக்காரருக்கும் மொத்த வணிகருக்கும் பங்கு தர வேண்டியதில்லை என்பதாலும், விற்காத சரக்கைக் கழிக்க வேண்டியதில்லை என்பதாலும், விலையைக் குறைக்கும் நெருக்கடி நீங்கியது.

விலை நிர்ணயம்

மென்பொருளை உருவாக்கும் நிலையான செலவு அதிகம். மேலும் ஒரு படியை விற்பதற்கான இறுதிநிலைச் செலவு மிகக் குறைவு. எனவே விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தேவை நெகிழ்ச்சியே ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆட்டம் 80 டாலர் விலையில் 5,000 படிகள் விற்பதாகக் கொள்வோம். வருவாய் 4,00,000 டாலர். விலையை 40 டாலராகக் குறைத்தால் அதே வருவாய்க்கு 10,000 படிகள் விற்க வேண்டும். அத்தகைய ஆட்டத்தில் ஆர்வமுடையோர் மொத்தமே 7,000 பேர் எனில், அனைவரும் வாங்கினாலும் வருவாய் 2,80,000 டாலரைத் தாண்டாது.

வாங்குபவரின் நேரமும் ஒரு செலவாகும். "வார் இன் த ஈஸ்ட்" ஆட்டத்தின் முழுப் போரில், ஒவ்வொன்றும் ஒரு வாரத்தைக் குறிக்கும் 200க்கும் மேற்பட்ட சுற்றுகள் உள்ளன. இதற்கு நேரம் ஒதுக்க இயலாதவர் பாதி விலைக்கும் வாங்கமாட்டார். ஒதுக்கக்கூடியவருக்கு 80 டாலர் பெரும் தடையன்று.

போட்டியின் தன்மை

பொருளியல் நோக்கில் இச்சந்தை முற்றுரிமைப் போட்டிக்கு நெருக்கமானது. ஸ்டாலின்கிராட் போரை விரும்புபவருக்கு நெப்போலியன் காலத்து ஆட்டம் மாற்றுப் பொருளாகாது. ஆகவே நிறுவனங்கள் விலையில் மோதாமல், போர்க்களம், காலம், நுணுக்கம் ஆகியவற்றால் வேறுபடுகின்றன. ஜோன் டில்லரின் "பான்சர் கேம்பெயின்ஸ்" வரிசையைப் போல, ஒரே ஆட்டப்பொறியைப் பல போர்களுக்குப் பயன்படுத்தி நிலையான செலவைப் பகிர்வதும் உண்டு.

இங்கு உண்மையான போட்டி பழைய ஆட்டங்களிலிருந்தே வருகிறது. வரைகலை முதன்மையல்லாததால் இவை விரைவில் காலாவதியாவதில்லை. 2000 இல் "ஸ்டீல் பான்தர்ஸ்: வேர்ல்ட் அட் வார்" இலவசமாகவே வெளியிடப்பட்டது. அதன் பின்னரும் விலைக்கு விற்கும் ஆட்டங்கள் தொடர்ந்து வெளியாயின.

விமர்சனங்கள்

உயர்ந்த விலை சிறு நிறுவனங்களை வாழவைக்கிறது. அதே வேளையில் புதியவர்களை, குறிப்பாக மாணவர்களைத் தடுக்கிறது. தேவை நெகிழ்ச்சி குறைவு என்ற கணிப்பு, ஏற்கெனவே ஆடுபவர்களை வைத்தே பெறப்படுகிறது. ஒருபோதும் உள்ளே வராதவர்கள் அக்கணக்கில் சேர்வதில்லை. 2011 இல் குரோவாசியாவின் 2x2 கேம்ஸ் வெளியிட்ட "யூனிட்டி ஆஃப் கமாண்ட்", பாதிக்கும் குறைந்த விலையிலும் எளிய விதிகளுடனும் பரவலான பாராட்டைப் பெற்றது. எனினும் அது விலையால் மட்டுமன்றி, எளிமையாலும் புதியவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. நுணுக்கமான ஆட்டம் ஒன்றின் விலையை மட்டும் குறைப்பதால் அதே பயன் கிட்டும் எனக் கூற இயலாது.

2010களில் இந்நிறுவனங்களின் ஆட்டங்கள் பல ஸ்டீம் தளத்திலும் விற்பனைக்கு வந்தன. வெளியீட்டு விலையை உயர்வாக வைத்து, தள்ளுபடிக் காலங்களில் குறைத்து விற்கும் முறை பரவியது. இது விலை பேதம் காட்டலின் ஒரு வடிவமாகும்: ஆர்வம் மிக்கவர் முழு விலை தருகிறார், மற்றவர் காத்திருந்து வாங்குகிறார்.

இவற்றையும் பார்க்கவும்

பலகை ஆட்டம்
தேவை நெகிழ்ச்சி
முற்றுரிமைப் போட்டி