கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இரும்புச்சத்துக் குறைவு: விருதுநகர் மாவட்டத் தாய்மார்களுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு விளக்கம்

ஏழாம் மாதத்திற்குப் பின் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம், 9 கிராம் என்று வரும்போது, பெரும்பாலான தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி, "இரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா?" என்பதாகும். இம்மாவட்டத்தில் அக்கேள்விக்குப் பின்னால் ஓர் அச்சம் உள்ளது. 2018 டிசம்பரில், இரத்தசோகைக்காக இங்கு இரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு, அந்த இரத்தத்தின் வழியாகவே எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. நாடெங்கும் பேசப்பட்ட அந்நிகழ்வை இன்றும் பல குடும்பங்கள் மறக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் "பரிசோதனைக்குப் போனால் இரத்தம் ஏற்றச் சொல்வார்கள்" என்று எண்ணி வராமல் இருப்பதுதான், கடைசியில் இரத்தம் ஏற்றியே தீர வேண்டிய நிலைக்குக் கொண்டுசெல்கிறது. 30ஆம் வாரத்தில் 8 கிராம் உள்ள தாய்க்குப் பொதுவாக இரத்தம் தேவையில்லை. இரும்புச்சத்தும், அது வேலை செய்வதற்குச் சில வாரங்களுமே தேவை. அதே 8 கிராம் 38ஆம் வாரத்தில் தெரியவந்தால் அந்த வாரங்கள் கையில் இருப்பதில்லை.

எந்த அளவு குறைவாகக் கருதப்படுகிறது?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 10 முதல் 10.9 வரை இலேசானது. 7 முதல் 9.9 வரை மிதமானது. 7-க்குக் கீழ் கடுமையானது. 2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே தங்களுக்கு இக்குறை இருப்பதாகச் சொல்லப்பட்டால், அதில் வெட்கப்படவோ, "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று வீட்டார் கடிந்துகொள்ளவோ எதுவும் இல்லை.

கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் எல்லாத் தாய்மார்களுக்கும் அளவு சற்று இறங்கும். அதற்கு மேல், கர்ப்பம் முழுவதற்கும் உடலுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். அதன் பெரும்பகுதி கடைசி மாதங்களில்தான் தேவைப்படுகிறது. குழந்தை பிறந்த பின் முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டிய இரும்பைத் தாயிடமிருந்து சேமித்துக்கொள்வதும் அப்போதுதான். முந்தைய பிரசவத்திற்கும் இதற்கும் இடைவெளி குறைவாக இருந்தாலோ, மாதவிடாய் உதிரப்போக்கு முன்பே அதிகமாக இருந்தாலோ, சேமிப்பு ஏதுமின்றியே கர்ப்பம் தொடங்கியிருக்கும்.

களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், படபடப்பு ஆகியவை நிறைமாதத்தில் யாருக்கும் வருவன என்பதால் அறிகுறிகளை மட்டும் நம்ப இயலாது. ஓர் அறிகுறியை மட்டும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், மண் ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவது மசக்கை என்று விட்டுவிடக் கூடியதன்று. அது இரும்புச்சத்துக் குறைவால் வரக்கூடும். செவிலியரிடம் தயங்காமல் கூறவும்.

ஏன் அலட்சியம் கூடாது?

பிரசவத்தின்போது அரை லிட்டர் அளவுக்கு உதிரம் போவதை 11 கிராம் உள்ள தாயின் உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 7 கிராம் உள்ளவருக்கு அதே இழப்பு உயிருக்கு ஆபத்தாக முடியலாம். குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. 7-க்குக் கீழே இறங்கும்போது இதயமே திணறத் தொடங்கும்.

எந்த வாரத்தில் எந்தச் சிகிச்சை?

இலேசான, மிதமான இரத்தசோகைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே. அரசு வழங்கும் சிவப்பு நிற மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குறைவு இல்லாத கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்று; குறைவு உள்ளவர்களுக்கு இரண்டு. ஒழுங்காக உட்கொண்டால் ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராமாவது உயர வேண்டும். உயரவில்லையெனில் அடுத்த மாதம் வரை காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும். மாத்திரை சரிவரச் செல்லவில்லையா, வைட்டமின் பி12 குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியா தன்மையா என்று அவர் ஆராய்வார்.

மாதம் 1 கிராம் என்ற இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 28ஆம் வாரத்தில் 9 கிராம் உள்ளவர் மாத்திரையால் 11-ஐ எட்ட முடியும். 34ஆம் வாரத்தைக் கடந்தவருக்கு மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். அவர்களுக்கும், மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாகச் செலுத்துவர். அயர்ன் சுக்ரோஸ் என்னும் மருந்து ஒரு முறைக்கு 200 மில்லிகிராம் வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றப்படுகிறது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்பதை ஒன்றிரண்டு முறைகளிலேயே முழு அளவும் கொடுத்துவிடலாம். எவ்வளவு தேவை என்பது எடையைப் பொறுத்தது. கர்ப்பத்திற்கு முன் 50 கிலோ எடையிருந்து, 8 கிராமிலிருந்து 11-க்கு உயர வேண்டிய தாய்க்குச் சேமிப்பையும் சேர்த்து ஏறத்தாழ 860 மில்லிகிராம் வேண்டும். அதாவது அயர்ன் சுக்ரோஸ் நான்கு அல்லது ஐந்து முறை. மூன்று முறையோடு "தெம்பாகிவிட்டது" என்று நின்றுவிடுபவர்கள் பலர். அது பாதிச் சிகிச்சையே.

இதைச் சிலர் "இரத்தம் ஏற்றுகிறார்கள்" என்று தவறாக எண்ணி மறுக்கின்றனர். இது எவருடைய இரத்தமும் அன்று. பழுப்பு நிற மருந்து மட்டுமே. ஒவ்வாமை அரிதாக ஏற்படலாம் என்பதால், ஏற்றும்போதும் அதன்பின் அரை மணி நேரமும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வீட்டிலோ மருந்துக் கடையிலோ இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. பலன் தெரிய இரண்டு வாரங்களாவது ஆகும்.

கடைசி மூன்று மாதங்களில் 7-க்குக் கீழ் இருந்தால் மருத்துவமனையில் உடனே சேர வேண்டும். 5-க்குக் கீழ் இருந்தாலோ, பிரசவம் நெருங்கிய நிலையில் மிகக் குறைவாக இருந்தாலோ, இரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க இயலாது. தானமாகப் பெறப்படும் ஒவ்வொரு பை இரத்தமும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பை எண்ணும் இரத்த வகையும் சரிபார்க்கப்பட்டனவா, பரிசோதனை முடிவு பையில் குறிக்கப்பட்டுள்ளதா என்று கேட்பதற்குத் தாய்க்கும் உடனிருப்பவர்களுக்கும் உரிமை உண்டு. கேட்டால் மருத்துவர் கோபிப்பார் என்று எண்ண வேண்டாம், கேட்பதே நல்லது. ஆனால் அந்நிலையில் இரத்தத்தை மறுப்பது, அதை ஏற்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

மாத்திரை ஏன் பலன் தருவதில்லை?

"மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ஏறவேயில்லை" என்று வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் காரணம் தேநீராகவோ கால்சியம் மாத்திரையாகவோ இருக்கும். தேநீரும் காபியும் இரும்பைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. பாலும் கால்சியம் மாத்திரையும் அவ்வாறே. எனவே கால்சியத்தைக் காலை, மதிய உணவுகளுடன் உட்கொண்டு, இரும்பு மாத்திரையை இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும் முன் உட்கொள்ளலாம். இரண்டு மாத்திரை சொல்லப்பட்டிருந்தால் மற்றொன்றை மாலையில், தேநீருக்கு முன்போ பின்போ ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாற்றுடனோ ஒரு நெல்லிக்காயுடனோ உட்கொள்ளவும். குமட்டல் இருந்தால் வெறும் வயிற்றில் வேண்டாம். உணவுக்குப் பின் உட்கொள்வதால் பலன் சற்றுக் குறைந்தாலும், நிறுத்திவிடுவதைவிட அது மேல். மலம் கருப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யா உதவும். இம்மாத்திரையால் குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்பதும், குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்பதும் உண்மையல்ல.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் உள்ளன. அவை மாத்திரைக்கு மாற்று அல்ல. டானிக்கை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று செவிலியரிடம் கேட்கவும். குடற்புழு நீக்க மாத்திரையை இன்னும் உட்கொள்ளவில்லையெனில் அதையும் அவரிடம் தெரிவிக்கவும்.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் உள்ளவர்களுக்கு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் 'மருந்து' என்றாலே வெடிமருந்தைத்தான் குறிக்கும். அந்த மருந்து கையில் படிந்திருக்கும்போதே பொட்டலத்தைப் பிரித்து உண்பதும், மாத்திரையை எடுத்து வாயில் போடுவதும் வழக்கமாக உள்ளன. சோப்பால் கழுவாமல் எதையும் வாயருகே கொண்டுபோக வேண்டாம். இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயம் போன்ற நச்சு உலோகங்களை வழக்கத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சும். ஈயமோ சிவப்பணு உருவாவதையே தடுக்கும். பட்டாசில் ஈயத்தைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2017-இல் தடை விதித்துள்ளது. எனினும் வேலை உடையோடு வீடு திரும்பி, அதே உடையில் அடுப்படிக்குச் செல்லும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. வீட்டிலேயே குழாய் உருட்டுபவர்களும் பெட்டி ஒட்டுபவர்களும் சமையல் செய்யும் இடத்திலிருந்து வேலையைத் தள்ளி வைத்துக்கொள்ளவும்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பரிசோதனைக்கு வருவோர் குறைவதைக் காண்கிறோம். எண்ணிக்கைக் கூலியில் ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி இழப்பு என்பதை அறிவோம். இருப்பினும், அந்தப் பருவத்தில் ஏழு, எட்டு மாதக் கர்ப்பிணியாக உள்ளவர் இரண்டு பரிசோதனைகளைத் தவறவிட்டால், மாத்திரையால் சரிசெய்யக்கூடிய காலம் முழுவதும் கழிந்துவிடும். அந்த ஒருநாளைக் கணவரோ மாமியாரோ முன்கூட்டியே திட்டமிட்டு ஒதுக்கித் தர வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உரிய நாள்கள் சந்தா செலுத்தப்பட்ட பெண் தொழிலாளர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரங்கள் வரை ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரங்கள் வரை பிரசவத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம்.

உணவு

கடைசி மாதங்களில் உணவால் மட்டும் இக்குறையைச் சரிசெய்ய இயலாது. சிகிச்சைக்கு உணவு துணை நிற்கும். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், எள் ஆகியவை நம் கரிசல் நிலத்து வீடுகளில் எப்போதும் இருந்தவை. இவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேராது என்பதால் எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவும். அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி, இறைச்சி, மீன் மிக நல்லவை; நன்றாக வேக வைக்க வேண்டும். சிவப்பாக இருப்பதாலேயே பீட்ரூட்டும் மாதுளையும் இரத்தத்தை ஊறச் செய்துவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆசைக்குச் சிறிது உண்ணலாம். அதில் இரும்பு இல்லை. மைதா பரோட்டாவிலும் மிகக் குறைவே.

எப்போது தாமதிக்கக் கூடாது?

அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு நிற்காமை, மயக்கம், முகத்திலும் உடலிலும் திடீர் வீக்கம், சிறிதளவேனும் உதிரப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழைக்கவும். ஆலோசனைக்கு 104. மருத்துவமனைக்கு வரும்போது தாய் சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் மறவாமல் கொண்டுவரவும். கடைசி ஹீமோகுளோபின் அளவும் அது எடுக்கப்பட்ட தேதியும் அட்டையில் இருந்தால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும். 36ஆம் வாரத்திற்குப் பிறகும் 9-க்குக் கீழ் இருப்பவர்கள், இரத்த வங்கி வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதற்கான ஏற்பாட்டை முன்பே செய்துகொள்ள வேண்டும். வலி வந்த பிறகு அலைவது பெரும் இடர்.

குழந்தை பிறந்த பின் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடங்கள் காத்திருந்தால் குழந்தைக்குக் கூடுதல் இரும்பு சென்று சேர்கிறது. இரத்தசோகை உள்ள தாயின் குழந்தைக்கு இது மிகவும் முக்கியம். தாய் பிரசவத்திற்குப் பின் 180 நாள்கள் நாளொன்றுக்கு ஒரு இரும்பு மாத்திரையைத் தொடர வேண்டும். அளவு குறைவாகவே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் உட்கொள்ள வேண்டும். தாய்வீட்டிற்குச் செல்பவர்கள் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டி மாத்திரைகளைப் பெற்றுக்கொள்ளலாம்.