காற்று சுடும் பள்ளத்தாக்கு - பாலைவனத்தில் பைக் ஓட்டியவர்களின் கதை

பைக்கில் போனால் வெயில் தெரியாது என்று எல்லோரும் நினைப்போம். வண்டி நிற்கும்போதுதான் வேர்க்கும், ஓட ஆரம்பித்தால் காற்று அடித்து உடம்பு குளிர்ந்துவிடும். உலகத்தின் பெரும்பாலான ஊர்களில் இது சரிதான். ஆனால் சில இடங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்கள் அப்படிப்பட்டவை. அங்கே கோடையில் பைக் ஓட்டியவர்களின் கதைக்கு நூற்றிருபது வருட வயது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

தண்டவாளத்தின் மேல் ஒரு பயணம்

1903-ம் ஆண்டு மே 16. ஜார்ஜ் வைமன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பினார். அவருடைய வண்டியை இன்று பார்த்தால் யாரும் மோட்டார் சைக்கிள் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு சைக்கிள், அதன் நடுவில் 1.25 குதிரைத்திறன் கொண்ட குட்டி இன்ஜின். அவ்வளவுதான்! ஐம்பத்தோரு நாள் கழித்து ஜூலை 6-ம் தேதி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கடைசி 150 மைல் தூரத்துக்கு இன்ஜின் கைவிட்டுவிட, பெடல் மிதித்தே முடித்தார். இன்ஜின் வைத்த வண்டியில் அமெரிக்காவை முதலில் கடந்தவர் அவர்தான். ஹொரேஷியோ ஜாக்சன் காரில் கடந்து முடித்ததே அதற்கு இருபது நாள் கழித்துத்தான்.

நெவாடா பாலைவனத்தை வைமன் எப்படிக் கடந்தார் என்பதுதான் சுவாரசியம். அங்கே சாலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மணலில் சக்கரம் புதையும். அதனால் ரயில் பாதைக்குள் ஏறி, தண்டவாளங்களுக்கு நடுவே கட்டைகளின் மேல் தடதடவென்று ஓட்டினார். உடம்பு ஆடிப்போகும், வண்டியின் பாகங்கள் கழன்று விழும். ஆனாலும் அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ரயில் பாதையை ஒட்டி ஆங்காங்கே ஊழியர்களின் குடியிருப்புகள் இருந்தன. அங்கே சாப்பாடு, படுக்கை, தண்ணீர் மூன்றும் கிடைத்தன. தண்ணீர் இருக்கும் வழிதான் வழி என்ற பாடம் அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்து எர்வின் பேக்கர். 1914-ம் ஆண்டு மே 3-ம் தேதி சான் டியாகோவிலிருந்து இந்தியன் பைக்கில் கிளம்பி, 3,379 மைல் ஓட்டி, 11 நாள் 12 மணி 10 நிமிடத்தில் நியூயார்க் சேர்ந்தார். அதற்கு முந்தைய சாதனை 20 நாளுக்கும் மேல். 'கேனன்பால்', அதாவது பீரங்கிக் குண்டு என்ற பட்டப்பெயர் அந்த ஓட்டத்தில் கிடைத்ததுதான். சாலைகளின் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம்: சான் டியாகோவுக்குக் கிழக்கே இருக்கும் மணல் குன்றுகளைக் கடப்பதற்கு 1915-ல்தான் மரப்பலகைகளை வரிசையாக அடுக்கி ஒரு பாதை போட்டார்கள். 1926-ல் நல்ல சாலை வரும்வரை அந்தப் பலகைப் பாதையில்தான் வண்டிகள் போயின.

இரண்டு சகோதரிகள்

1916-ல் அகஸ்டா வான் ப்யூரன், அடிலைன் வான் ப்யூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியன் பவர்பிளஸ் பைக்கில் நியூயார்க்கிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். ஒரு பைக்கின் விலை 275 டாலர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா போரில் இறங்கினால் ராணுவத்துக்குச் செய்தி எடுத்துச் செல்லும் வேலையைப் பெண்களாலும் செய்ய முடியும் என்று காட்டுவதுதான் அவர்களின் நோக்கம்.

வழியில் சின்ன ஊர்களில் அவர்களைப் போலீஸ் பலமுறை பிடித்தது. குற்றம்? ஆண்களைப் போல கால்சட்டை போட்டிருந்தது! ஆகஸ்டில் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஏறினார்கள். மோட்டார் வண்டியில் அந்த உச்சியைத் தொட்ட முதல் பெண்கள் அவர்களே.

உண்மையான ஆபத்து மலையில் இல்லை. சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே சுமார் நூறு மைல் தூரத்தில், பாலைவனத்தில் பாதை மணலோடு மணலாக மறைந்து போனது. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கையிலிருந்த தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கமாகக் குதிரை வண்டியில் வந்த, கனிமம் தேடி அலையும் ஒருவர் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார்கள். இரண்டு புதிய பைக்குகளும் அங்கே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. உயிரைக் காப்பாற்றியது பைக் இல்லை, அந்தத் தண்ணீர்.

செப்டம்பர் 8-ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் சேர்ந்தார்கள். பயணம் முடிந்தபின் அடிலைன் ராணுவத்துக்கு விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். அவர் பின்னாளில் சட்டம் படித்தார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

கழுதை வண்டிக்காரர்களுக்குத் தெரிந்தது

இந்தப் பாலைவனங்களிலேயே கொடியது கலிபோர்னியாவில் இருக்கும் டெத் வேலி, மரணப் பள்ளத்தாக்கு. அதன் மிகத் தாழ்வான இடமான பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. 1913-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் பூமியில் பதிவான அதிகபட்ச காற்று வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கிற நிபுணர்களும் இருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டாலும் இங்கே 50 டிகிரியைத் தாண்டுவது கோடையில் சாதாரணம்.

1883 முதல் 1889 வரை இங்கிருந்து வெண்காரத்தை மோஹாவி ரயில் நிலையத்துக்கு இருபது விலங்குகள் இழுக்கும் வண்டிகளில் கொண்டு போனார்கள். பெரும்பாலும் கோவேறு கழுதைகள். தூரம் 165 மைல், பத்து நாள் பயணம். சரக்கு வண்டிகளுக்குப் பின்னால் கிட்டத்தட்ட 4,500 லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் உருண்டு வரும். லாபம் தராத அந்தச் சுமையை முதலாளி ஏன் இழுக்க வைத்தார்? அது இல்லாமல் சரக்கு ஊர் போய்ச் சேராது என்பதால்தான். கோடையில் பள்ளத்தாக்கின் சூட்டில் வெண்காரம் படிகமாகவே உறையாது. அதனால் அந்த மாதங்களில் தொழிலையே குளிர்ச்சியான வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோடையோடு மோதக்கூடாது, ஒதுங்கிவிட வேண்டும் என்பது வியாபாரிகளுக்கே தெரிந்திருந்தது.

ராணுவம் கற்ற பாடம்

இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டைக்காக ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 'எக்ஸ்ஏ' என்று ஒரு பைக் செய்தது. மணல் புகுந்து செயின் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் செயினுக்குப் பதில் சுழல் தண்டு வைத்தார்கள். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, காற்று பட்டு இன்ஜின் குளிரட்டும் என்று. ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் செய்தார்கள். அதற்குள் ஜீப் வந்து அந்த வேலையைப் பிடித்துக்கொண்டது.

இன்ஜினுக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. மனிதனுக்கு? தண்ணீர் குடிக்காமல் இருக்க வீரர்களைப் பழக்கிவிடலாம் என்று அப்போது பல ராணுவ அதிகாரிகள் நம்பினார்கள். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் என்ற உடலியல் அறிஞர், தன் குழுவோடு கலிபோர்னியா பாலைவனத்தில் பயிற்சி பெற்ற வீரர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். முடிவுகள் 1947-ல் புத்தகமாக வந்தன. குறைவாகக் குடிப்பதால் வியர்வை குறைவதில்லை, ஆள்தான் சீக்கிரம் விழுகிறான். அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம்: இழந்த தண்ணீர் முழுவதையும் தாகம் கேட்பதில்லை. தாகம் அடங்கும்வரை குடித்தவனுக்கும் உடம்பில் பற்றாக்குறை இருந்தது.

பைக் ஓட்டுபவருக்கு இது இரட்டை ஆபத்து. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை ஓட்டத்தில் அடிக்கும் காற்று உடம்புச் சூட்டை எடுத்துப் போகும். அதைத் தாண்டிவிட்டால் அதே காற்று சூட்டை உடம்புக்குள் ஏற்றும், முகத்துக்கு நேரே ஹேர் டிரையரைப் பிடித்தது மாதிரி. வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடும். அப்புறம் உடம்பைக் காப்பாற்ற மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான். அதுவும் வறண்ட காற்றில் வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும். மணிக்கு ஒரு லிட்டர் போனாலும் சட்டை நனையாது, போனது தெரியாது.

2024 ஜூலை

2024-ம் ஆண்டு ஜூலை 6-ம் தேதி, ஆறு பேர் பைக்குகளில் டெத் வேலிக்குள் போனார்கள். அன்றைய வெப்பம் 53.3 டிகிரி. பேட்வாட்டர் அருகே ஒருவர் வெப்பத்தால் இறந்துபோனார். இன்னொருவரை லாஸ் வேகஸ் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மற்ற நால்வருக்கும் அங்கேயே சிகிச்சை. மருத்துவ ஹெலிகாப்டர் வர முடியவில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்து ஹெலிகாப்டரைத் தாங்காது என்பதால் 49 டிகிரிக்கு மேல் பொதுவாக அவை பறப்பதில்லை. விபத்தில் உயிரைக் காக்கும் கனத்த ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அந்தச் சூட்டில் உடம்பைக் குளிரவிடாமல் செய்கின்றன என்று பூங்கா நிர்வாகம் சொன்னது. அந்த மாதம்தான் டெத் வேலியில் அதுவரை பதிவான மாதங்களிலேயே அதிக வெப்பமான மாதம்.

1903-ல் வண்டி மோசம், சாலை இல்லை. அதனால் வைமன் ஒவ்வொரு இடத்திலும் நின்று, தண்ணீர் கேட்டு, மெதுவாகப் போனார். இன்று தார்ச்சாலை வழவழவென்று இருக்கிறது, பைக் மணிக்கு நூறு கிலோமீட்டரில் சத்தமில்லாமல் போகிறது. நிற்க வேண்டிய காரணம் எதுவும் கண்ணில் படுவதில்லை. வண்டி இந்த நூற்றிருபது வருடத்தில் எங்கேயோ போய்விட்டது, ஆனால் வியர்க்கும் உடம்பு அதே உடம்புதான்.

அனுபவசாலிகள் இன்றும் செய்வது அந்தப் பழைய விஷயங்களைத்தான். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடுகிறார்கள். ஜாக்கெட்டுக்குள் போடும் பனியனை நனைத்துக்கொள்கிறார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கிறார்கள். ஐம்பது டிகிரி என்று அறிவிப்பு வந்தால் அன்றைக்கு வண்டியை எடுப்பதே இல்லை. அந்த வெண்கார முதலாளிகள் கோடையில் கடையைக் கட்டியது போலத்தான்.