பிறர் மலையடிவாரத்தில் ஒரு துறவி



உங்களில் சிலர் எருசலேமுக்குச் சென்று திரும்பியிருப்பீர்கள். சிலர் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அரசு வழங்கும் புனிதப் பயண மானியத்திற்கு விண்ணப்பித்துக் காத்திருப்பீர்கள். திரும்பி வருகிறவர்கள் யோர்தான் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவருகிறார்கள். ஒலிவ மரத்தில் செய்த சிறு சிலுவையைப் போதகருக்குப் பரிசாகத் தருகிறார்கள். என் மேசையிலும் அவ்வாறு வந்த சிலுவைகள் உள்ளன. அவற்றை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் இந்த வாரம், பரிசுத்த தேசத்திற்குப் போகாமல் திருவண்ணாமலைக்கு வந்த ஒரு கிறிஸ்தவ யாத்திரிகரைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய வழக்கைச் சொல்லவேண்டும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ஏறக்குறைய 381 முதல் 384 வரை, எகேரியா என்னும் மேற்கு நாட்டுப் பெண்மணி சீனாய் மலையில் ஏறினார், எருசலேமில் தங்கினார், ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்திற்குரிய வேதபகுதியை வாசிக்கச் செய்து, ஜெபித்து, கண்டவற்றைத் தம் சகோதரிகளுக்கு எழுதி அனுப்பினார். ஏறத்தாழ அதே காலத்தில் எருசலேமைக் கண்டு திரும்பிய நிசா நகரின் கண்காணியார் கிரகோரியாரோ, இடம் மாறுவதனால் ஒருவன் தேவனுக்குச் சமீபமாகிவிடுவதில்லை என்று கடுமையாகவே எழுதினார். அந்தப் புனித நகரில் கொலையும் களவும் குறைவில்லாமல் நடப்பதை அவர் நேரில் கண்டிருந்தார். பெத்லகேமிலேயே குடியேறி, அங்கேயே மரித்த ஜெரோமும் வெறொருவருக்கு எழுதும்போது, பரலோகத்தின் வாசல் எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஒன்றுபோலவே திறந்திருக்கிறது என்ற கருத்தை எழுதினார். தாம் மட்டும் பெத்லகேமை விட்டு நகரவில்லை! திருச்சபையின் பிதாக்களுக்கே இவ்விஷயத்தில் இரண்டு மனம் இருந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். அண்ணாமலையார் கோவிலிலிருந்து செங்கம் சாலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சென்றால் ரமணாசிரமம். மலையைச் சுற்றிவரும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை அந்த வாசலின் முன்பாகவே செல்கிறது. ஆசிரமத்திற்குப் பின்னால் மலை நேராக எழுகிறது. கந்தாசிரமத்திற்குப் போகும் கல் பாவிய பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த ஆசிரமத்தின் நாயகர் 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுச் சிறுவனாக, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையை விட்டு அகலவில்லை. முட்செடியில் தோன்றிய தேவன் மோசேக்குத் தம்மை வெளிப்படுத்திய நாமத்தையும், அமர்ந்திருந்து தேவனை அறியச் சொல்லும் 46-ஆம் சங்கீதத்தின் வசனத்தையும் பிற்காலத்தில் தம்மிடம் வந்தவர்களுக்கு அவர் எடுத்துக்காட்டுவதுண்டு. அவ்வசனங்களுக்கு அவர் கண்ட பொருள் நம்முடையதன்று. ஆயினும் நம் பிரசங்க பீடங்களில் நாம் வேகமாகக் கடந்துபோகும் வசனங்களில் அவர் நின்றார் என்பதை மறுக்க இயலாது.

1949 ஜனவரியில் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்க குருக்கள் இருவர் இந்த வாசலில் வந்து இறங்கினார்கள். மூத்தவர் ஜூல் மொன்ஷானேன். 1939 முதல் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் ஊழியம் செய்தவர். இளையவர் ஆன்றி லெ சோ. 1910-இல் பிரித்தானி கடற்கரையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து, பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் 1948 ஆகஸ்டில்தான் இந்தியாவுக்கு வந்திருந்தார்.

லெ சோ மிகுந்த எதிர்பார்ப்போடு வந்தார். மகரிஷியின் சந்நிதியில் அமர்ந்தவுடன் ஏதோ ஒன்று நிகழும் என்று நம்பியிருந்தார். ஒன்றும் நிகழவில்லை. அவர் கண்டது, அன்பான ஒரு தாத்தாவைப் போன்ற முதியவரை. சுற்றிலும் ஊதுவத்தி, வணங்கி எழும் கூட்டம், ஆசிரம அலுவல்கள். அவர் மனம் சோர்ந்துபோனது. அங்கே தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி அவரது ஏமாற்றத்தைக் கேட்டுவிட்டு, இரக்கமின்றி ஒரு மறுமொழி சொன்னார்: நீர் அளவுக்கு மிஞ்சிய மூட்டைகளைச் சுமந்து வந்திருக்கிறீர், உமக்கு வரவேண்டியது நீர் குறித்த வழியாகவே வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறீர், முதலில் வெறுமையாகும். இதுவே அம்மொழியின் சாரம். அன்றிரவு லெ சோவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலின் கனவுகளிலேதான், பகலில் எட்டாத ஏதோ ஒன்று தம்மைத் தொட்டதாக அவர் பின்னர் எழுதினார்.

பிரியமானவர்களே, பயண மூட்டையைப் பற்றிய அந்த மறுமொழியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. கல்லறைத் தேவாலயத்தின் வாசலில் நெரிசலில் நிற்கும்போது, இதுதானா, இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் கேட்டுவிட்டு, அதை வெளியே சொல்லக் கூசி, சபையில் வந்து பரவச சாட்சி சொன்னவர்களை நான் அறிவேன். லெ சோ தம் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவர் எழுதியவற்றை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டில் அவர் மறுபடியும் வந்தார். அதற்குள் மகரிஷியின் இடது கையில் புற்றுக்கட்டி தோன்றி அறுவைச் சிகிச்சைகள் தொடங்கிவிட்டன. 1950 மார்ச் 21 அன்று மொன்ஷானேனும் லெ சோவும் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று நாம் அறிவது அதுவே. இருவரும் காவி உடுத்தினார்கள். லெ சோ சூடிய பெயர் அபிஷிக்தேஸ்வரானந்தர். பின்னர் அபிஷிக்தானந்தர் என்று சுருங்கியது. அபிஷேகம் பண்ணப்பட்டவராகிய ஆண்டவரில் ஆனந்தம் என்பது அதன் பொருள். மேசியா என்னும் சொல்லையே சமஸ்கிருதத்தில் அணிந்துகொண்டார். இருபத்துநான்கு நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ரமணர் காலமானார்.

குருவை இழந்தவர் மலையைப் பற்றிக்கொண்டார். 1952 முதல் சில ஆண்டுகள், திரும்பத் திரும்ப, அருணாசலத்தின் குகைகளில் தனிமையில் தங்கினார். ஏறக்குறைய 2,670 அடி உயரமுள்ள அந்த மலையின் சரிவுகளில் வனத்தி குகை அவர் தங்கிய இடங்களில் ஒன்று. அங்கே அவர் கண்ட அமைதியை இதுவரை எங்கும் கண்டதில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். உடனே அடுத்த பயமும் எழுந்தது. தம் இருதயத்தின் அடியில் இன்னும் உயிரோடிருக்கும் கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதே மெய்யானால், இந்த அமைதிக்காகத் தம் நித்தியத்தையே பணயம் வைக்கிறாரோ என்ற நடுக்கம் அது. அது ஒரு மாலைப்பொழுதின் சஞ்சலமன்று. ஆண்டுக்கணக்கில் அவரை அரித்தது. சபையை விட்டு வெளியேறியிருந்தால் நிம்மதி கிடைத்திருக்கலாம். மலையை விட்டு இறங்கியிருந்தாலும் கிடைத்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அவரோடு ஆசிரமத்தைத் தொடங்கிய மொன்ஷானேனே அவர் எல்லையைக் கடந்து செல்கிறார் என்று கவலைப்பட்டார். அத்வைதத்திற்கும் திரித்துவத்திற்கும் இடையில் பாலம் கட்ட இயலாத ஒரு பாதாளம் உண்டு என்பது மொன்ஷானேனின் முடிவு. அவர் 1957-இல் பாரிசில் காலமானார்.

நான் ஒரு காலத்தில் அபிஷிக்தானந்தரை எச்சரிக்கைக்கு உதாரணமாகப் பிரசங்கத்தில் சொன்னதுண்டு. இன்று அப்படிச் சொல்லமாட்டேன். அதற்காக, அவர் வழியே செல்லுங்கள் என்று உங்களிடம் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். நம் விசுவாசத்திற்கு ஒரு முகவரி உண்டு. திபேரியு இராயனின் பதினைந்தாம் வருஷம் என்று லூக்கா காலம் குறிக்கிறார். பொந்தியு பிலாத்து என்னும் ஒரு ரோம அதிகாரியின் பெயரை நாம் ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் உச்சரிக்கிறோம். வார்த்தை மாம்சமானது ஓர் ஊரில், ஒரு குடிமதிப்பின் நாளில். எகேரியா நடந்துபோய் அந்த இடங்களைத் தொட விரும்பியதன் நியாயம் இதுவே. காலமும் இடமும் பெயரும் கரைந்துபோகும் ஓர் அனுபவத்தில் கல்வாரிக்கு என்ன இடம்? இந்தக் கேள்விக்கு அபிஷிக்தானந்தரின் நூல்களில் எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. அவருக்கே கிடைத்ததாகவும் தெரியவில்லை. எனினும் திருவிருந்தின் அப்பத்தையும் இரசத்தையும் அவர் கைவிடவில்லை. 1964-இல் கங்கோத்திரி வரை சென்றபோதும் அங்கே திருப்பலி நிறைவேற்றினார்.

அவரைத் தீர்ப்பதற்கு முன், யோவான் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யாக்கோபின் கிணற்றருகே நின்ற சமாரியப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் கெரிசீம் மலை இருந்தது. அவளுடைய பிதாக்கள் தொழுதுகொண்ட மலை. யூதர் அருவருத்த மலை. ஆயிரத்திற்கும் குறைவான சமாரியர்கள்தாம் இன்று உலகில் இருக்கிறார்கள். அவர்கள் இன்றும் பஸ்காவை அந்த மலையில்தான் ஆசரிக்கிறார்கள். நம் சுற்றுலாப் பேருந்துகள் பலவும் அந்தக் கிணற்றுக்குப் போகாமல் திரும்பிவிடுகின்றன. எந்த மலை சரி என்று அவள் கேட்டாள். இரட்சிப்பு யூதர் வழியாகவே வருகிறது என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. ஆனால் எருசலேமுக்கு வா என்றும் அவளிடம் சொல்லவில்லை. பிறருடைய மலையடிவாரத்திலே களைப்போடு உட்கார்ந்து, பிறருடைய பாத்திரத்திலே தண்ணீர் கேட்டார்.

அபிஷிக்தானந்தர் 1968-இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, இமயமலை அடிவாரத்து உத்தரகாசிக் குடிலுக்குச் சென்றுவிட்டார். 1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்துக் கடைத்தெருவில், பேருந்தைப் பிடிக்க ஓடும்போது மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். அதன்பின் ஐந்து மாதம்கூட உயிரோடிருக்கவில்லை. டிசம்பர் 7 அன்று இந்தூரில் மரித்தார். அந்த மாதங்களில் அவர் எழுதியவற்றில் ஆண்டவர் இராப்போஜனத்தில் கையிலெடுத்த பாத்திரத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. அவர் பிறந்த பிரித்தானியில், அந்தப் பாத்திரத்தைத் தேடி வீரர்கள் நாடு நாடாக அலைந்த கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். அறுபத்துமூன்று வயதில், மருத்துவர்கள் நடக்கக்கூடாது என்று படுக்கவைத்த நிலையில், அதைத் தாம் கண்டுகொண்டதாக நண்பர்களுக்கு எழுதினார். அது தூரத்திலும் இல்லை, சமீபத்திலும் இல்லை. எந்த இடத்திற்கும் உரியதன்று என்று நாட்குறிப்பில் குறித்தார். அவர் விழுந்த இடம் ஒரு சாதாரணக் கடைத்தெரு.