ஆலங்காட்டுப் புதரும் வேலூர் ஆய்வும்

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லைப்புறத்தில் அமைந்த திருவாலங்காடு மிகப் பழைமையான ஊர். ஆலமரக் காடு என்பதே அப்பெயரின் பொருள். அங்குள்ள கோயிலின் இறைவனை வடாரண்யேசுவரர் என்றழைப்பதும் அதுபற்றியே. காரைக்கால் அம்மையார் இவ்வூரின் சுடுகாட்டைப் பாடியிருக்கிறார். இன்று அக்காடு இல்லை. நெல்லும் கரும்பும் வந்தன. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் வந்தது. ஆயினும் வரப்போரத்திலும் ஏரிக்கரையிலும் புதர் மட்டும் விடாது நிற்கிறது. இத்தகைய புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிரால் வரும் கொடிய காய்ச்சலை மருத்துவ உலகம் கண்டு, மறந்து, மீண்டும் கண்ட வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

நம் மக்கள் உண்ணிக் காய்ச்சல் என்று ஒரே பெயரால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு நோய்களை. ஒன்று, நாயின் மேலும் கால்நடையின் மேலும் நாம் காணும் உண்ணி கடிப்பதால் வருவது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடச் செம்புள்ளிகள் தோன்றும். மற்றொன்று ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக்கு உறவான மிகச் சிறிய பூச்சியின் இளம் பருவம், புல்நுனியில் காத்திருந்து, அவ்வழியே செல்பவர் உடலில் ஒட்டிக்கொண்டு கடிக்கிறது. இரண்டிலும் உடலுக்குள் புகும் நுண்ணுயிர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எதையும் அவை விட்டுவைப்பதில்லை.

இக்குடும்பத்தைக் கண்டறிந்த வரலாறு உயிர்களை விலையாகக் கேட்ட வரலாறு. அமெரிக்க மருத்துவர் ரிக்கெட்ஸ், ராக்கி மலைப் பகுதியின் புள்ளிக் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று 1906-இல் நிறுவினார். 1910-இல் மெக்சிகோ நகரில் டைபஸ் நோயை ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்நோய்க்கே இரையானார். ஐரோப்பாவில் புரோவாசெக் 1915-இல் அவ்வாறே மாண்டார். அடுத்த ஆண்டு, டைபஸ் கிருமிக்கு இவ்விருவர் பெயரையும் சேர்த்து ரிக்கெட்சியா புரோவாசெக்கி என்று சூட்டினார் புரோவாசெக்கின் தோழர் ஒருவர். அறிவியல் நூல்களுக்குள்ளும் ஓர் அடக்கப் பதிவேடு ஒளிந்திருக்கிறது போலும்!

நம் நாட்டில் இதற்கு முதன்முதலில் கண் திறந்தவர்களுள் ஒருவர் மீகா. பின்னாளில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் இயக்குநராக விளங்கிய இவர், குமாவோன் மலைப்பகுதியில் கண்ட டைபஸ் போன்ற காய்ச்சலைப் பற்றி 1917-இல் எழுதினார். அதை உண்ணி பரப்பக்கூடும் என்றும் பிறகு கருதினார். இரண்டாம் உலகப் போரின்போது அசாம், பர்மா எல்லைக் காடுகளில் படைவீரர்களை ஸ்க்ரப் டைபஸ் வாட்டியது. 1948-இல் கோலாலம்பூரில் ஸ்மேடல் என்ற அமெரிக்கரின் குழுவினர் குளோரம்பெனிகால் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். இரண்டு வாரம் எரித்த காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தது.

அதற்குப் பிறகுதான் மறதி வந்தது. குளோரம்பெனிகாலும் டெட்ராசைக்கிளினும் எங்கும் பரவின. எந்தக் காய்ச்சலுக்கும் அவற்றையே கொடுத்த காலத்தில், நோய் இன்னதென்று அறியாமலே பலர் குணமாகியிருக்க வேண்டும் என மருத்துவர்கள் கருதுகின்றனர். பின்னர் வேறு மருந்துகள் வழக்கிற்கு வந்தன. அவற்றுள் பல இக்கிருமியைத் தொடுவதே இல்லை. நோய் மீண்டும் தலைதூக்கியது. மருத்துவர்களுக்கோ அதன் பெயர் நினைவில் இல்லை. நாளேடுகள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதின. பங்குகளின் அடக்கப் பதிவேடுகளில் இறப்பின் காரணம் எழுதும் இடத்தில் 'காய்ச்சல்' என்ற ஒற்றைச் சொல்லைக் காண்பதுண்டு. அச்சொல்லின் கீழ் எத்தனை நோய்கள் கிடக்கின்றனவோ!

திருவாலங்காட்டிலிருந்து அரக்கோணம் வழியாகக் காட்பாடிக்கு ரயில் ஏறினால் அடைவது வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்தது அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி. எலிசபெத் மத்தாயும் உடன் உழைத்த மருத்துவர்களும் தென்னிந்தியாவில் இந்நோய்கள் மறையவில்லை என்பதற்கு இரத்தப் பரிசோதனைச் சான்றுகளை 2001-இல் வெளியிட்டனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் அடுத்த பிப்ரவரி வரை அம்மருத்துவமனைக்குக் காரணம் புரியாத காய்ச்சலோடு வந்தவர்களுள் 28 பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் என்பது தெளிந்தது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களே இந்நோயின் பருவம் என்பதும் புலனாயிற்று.

இதில் நான் வியப்பது கருவிகளை அல்ல, கண்களை. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு ஒன்று உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அக்குளிலோ, மார்பின் கீழோ, தொடையிடுக்கிலோ, காதின் பின்னோ மறைந்திருக்கும். நோயாளிக்கே அது தெரியாது. நாணத்தால் ஆடை விலக்க மறுக்கும் தாய்மாரிடம் பொறுமையோடு பேசி, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடும் மருத்துவருக்கே அது அகப்படும். நாடி பிடித்த கையோடு மருந்துச் சீட்டை நீட்டுபவருக்கு அகப்படாது. 2005 முதல் 2010 வரை வேலூரில் சேர்க்கப்பட்ட 623 நோயாளிகளை ஆய்ந்தபோது நூற்றில் 43 பேருக்கு மேல் இப்பொருக்கு இருந்தது. ஒன்பது விழுக்காட்டினர் இறந்தனர். ஆனால் ஆண்டுதோறும் அவ்விறப்பு குறைந்துவந்தது.

டாக்சிசைக்கிளின் என்ற மலிவான மாத்திரை, தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றும். உண்ணி கடித்து வரும் புள்ளிக் காய்ச்சலுக்கும் அதுவே மருந்து. நோய் முற்றி உறுப்புகள் தளர்ந்தபின் வருபவர்க்கு என்ன செய்வது? டாக்சிசைக்கிளினா, அசித்ரோமைசினா என்ற வழக்கு நெடுநாள் தீராதிருந்தது. வேலூரின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் 2018 முதல் 2022 வரை 794 நோயாளிகளிடம் இதைச் சோதித்தன. இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத சிக்கல், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றை ஒருசேரக் கணக்கிட்டனர். ஒரு மருந்தை மட்டும் நரம்பு வழியாகப் பெற்றவர்களில் 47, 48 விழுக்காட்டினர் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு ஆளாயினர். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினரே. கிருமியின் புரத உற்பத்தியை இரு மருந்துகளும் வெவ்வேறு இடங்களில் தடுப்பதே காரணமாகலாம். இம்முடிவு 2023-இல் வெளியானது. எனினும் இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்று பிரிவிலும் பெரிய வேறுபாடு இல்லை. காலம் கடந்து வந்தவரை இரண்டு மருந்துகளாலும் எளிதில் மீட்க முடியவில்லை.

மருத்துவமனையோடு ஆய்வு நிற்கவில்லை. வேலூரைச் சூழ்ந்த பகுதிகளில் 37 கிராமங்களைத் தேர்ந்து, ஏறத்தாழ 32,000 மக்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். கிருமி புகுந்தும் காய்ச்சலே காணாதவர் பலர் என்று தெரிந்தது. சிலருக்கு மட்டும் நோய் ஏன் உயிர்வரை போகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. திருவள்ளூர், இராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்கள் இன்றும் இக்காய்ச்சலின் களங்களே. ஒருமுறை வந்து குணமானவர்க்கு மீண்டும் வராது என்ற உறுதியில்லை. தடுப்பூசியும் இதுவரை இல்லை.