கூபோ, ரியோகோ (1920–1995)

ஜப்பானியக் கோட்பாட்டு இயற்பியலாளர். சமநிலை குலைந்த அமைப்புகளுக்கும் புள்ளியியல் எந்திரவியலில் உறுதியான அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர். 1920 பிப்ரவரி 15 அன்று டோக்கியோவில் பிறந்தார். தந்தை கூபோ தென்சுயி, சீன இலக்கிய அறிஞர்.

1941-இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்ற கூபோ, அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ரப்பர். இழுத்த ரப்பர் சுருங்குவதற்கு அணுக்களின் ஈர்ப்பு முதன்மைக் காரணமல்ல. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள் உண்டு, நீண்டு நிற்க வழிகள் மிகக் குறைவு. அந்த வேறுபாடே, அதாவது என்ட்ரோபியே, ரப்பரை இழுத்துச் சுருக்குகிறது. எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குவதும் இதனால்தான். இதைப் பற்றிய அவரது ஜப்பானிய நூல் 1947-இல், போர் அழித்த நாட்டில் வெளிவந்தது. கைக்கு எட்டும் பொருளிலிருந்து பொது விதியை நோக்கிப் போகும் அவரது போக்கு அப்போதே தெரிகிறது.

அடுத்து காந்தவியலுக்கு வந்தார். 1953-54-இல் அமெரிக்கரான பிலிப் ஆண்டர்சன் டோக்கியோவில் தங்கியிருந்தார். காந்த ஒத்ததிர்வில் நிறமாலைக் கோடு ஏன் அகல்கிறது, ஏன் சில சமயம் குறுகுகிறது என்ற கேள்வி இருவரையும் ஈர்த்தது. ஒவ்வோர் அணுவையும் சுற்றியுள்ள காந்தப்புலம் ஓயாமல் மாறுகிறது. அந்த மாற்றம் விரைவாக நிகழ்ந்தால் அதன் விளைவுகள் சராசரியாகிக் கோடு குறுகும். 1954-இல் கூபோ, தொமிதாவுடன் சேர்ந்து இதற்குப் பொதுக் கோட்பாடு தரும் கட்டுரையை வெளியிட்டார். பின்னர் வந்த பெரிய தேற்றத்தின் விதை இக்கட்டுரையில்தான் இருக்கிறது என்று கொள்வது பொருந்தும்.

பொருளின் இயல்பான சலனத்தையும் வெளித்தொல்லைக்கு அது தரும் துலங்கலையும் இணைக்கும் அந்தப் பெரிய தேற்றத்துக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. நீரில் மிதக்கும் துகளின் தடுமாற்றத்தையும் நீர் அதற்குத் தரும் உராய்வையும் 1905-இல் ஐன்ஸ்டைன் இணைத்தார். மின்தடையில் தானாக எழும் இரைச்சலை அத்தடையின் அளவோடு நைக்விஸ்ட் 1928-இல் பொருத்தினார். 1951-இல் காலனும் வெல்டனும் இதைக் குவாண்டம் வடிவில் பொதுமைப்படுத்தினர். மெல்வில் கிரீனும் ஜப்பானின் நாகானோவும் மின்கடத்துதிறன் போன்ற கடத்தல் கெழுக்களுக்கே இவ்வகை வாய்பாடுகளை நெருங்கியிருந்தனர். 1957-இல் ஜப்பான் இயற்பியல் கழக இதழில் கூபோ வெளியிட்ட கட்டுரை இவ்விழைகளை ஒன்றாக முறுக்கியது. மின்புலமே இல்லாத உலோகத்திலும் நுண்மின்னோட்டங்கள் எழுந்தடங்குகின்றன. ஒரு கணத்து மின்னோட்டம் பிந்தைய கணத்து மின்னோட்டத்தோடு எவ்வளவு ஒட்டுறவு கொண்டுள்ளது என்று கண்டு, அதைக் காலத்தின் மீது தொகையிட்டால் மின்கடத்துதிறன் கிடைத்துவிடும். போல்ட்ஸ்மன் சமன்பாட்டுக்குத் தேவைப்பட்ட, துகள்கள் அரிதாகவே மோதுகின்றன என்ற அனுமானம் இங்கே வேண்டாம். தொல்லைப்படுத்தாமல் விட்ட பொருளின் இயல்பான சலனத்திலேயே, தொல்லைக்கு அது தரும் துலங்கல் அடங்கியிருக்கிறது: இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் மிக அழகான கண்டறிதல்களில் இதுவும் ஒன்று.

எதிர்ப்பும் வந்தது. தனித்தனித் துகள்களின் பாதை சிறு விசைக்கே நேர்விகிதத்திலிருந்து விரைவில் விலகிவிடும், ஆகவே இந்தக் கணிப்பின் அடிப்படையே சரியில்லை என்று வான் காம்பென் 1971-இல் வாதிட்டார். நேர்விகிதம் தேவைப்படுவது நிகழ்தகவுப் பரவலுக்கே, தனித் துகளின் பாதைக்கு அல்ல என்பது கூபோவின் பக்க நியாயம். பயன்பாட்டில் வாய்பாடு அசையாமல் நின்றது. 1982-இல் தௌலெஸும் உடன் மூவரும் குவாண்டம் ஹால் விளைவில் மின்கடத்துதிறனில் முழு எண்கள் ஏன் தோன்றுகின்றன என்று விளக்கியபோது தொடங்கியதும் இதே வாய்பாட்டிலிருந்துதான்.

அதே 1957 கட்டுரையில் வெப்பச் சமநிலைக்கு உரிய ஒரு கணிதப் பண்பும் வெளிப்பட்டது. மார்ட்டினும் ஷ்விங்கரும் 1959-இல் அதைப் பயன்படுத்தினர். மூவர் பெயராலும் அது இன்று வழங்குகிறது. 1962-இல் கூபோ வேறு திசையில் திரும்பினார். உலோகத்தை மிக நுண்ணிய துகளாக்கினால் எலக்ட்ரான் ஆற்றல் மட்டங்களின் இடைவெளி பெரிதாகும், துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதே அதன் வெப்பப் பண்பையும் காந்தப் பண்பையும் மாற்றும் என்று காட்டினார். நானோ அறிவியல் என்ற பெயர் பரவுவதற்கு வெகுகாலம் முன் நடந்தது இது.

நிஷினா நினைவுப் பரிசு (1957), ஜப்பானின் பண்பாட்டு விருது (1973), போல்ட்ஸ்மன் பதக்கம் (1977) ஆகியவை அவருக்குக் கிடைத்தன. 1980-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1995 மார்ச் 31 அன்று காலமானார். கணக்குகளும் அவற்றின் முழுத் தீர்வுகளுமாக அவர் தன் சகாக்களுடன் எழுதிய புள்ளியியல் எந்திரவியல் பாடநூல் 1965-இல் ஆங்கிலத்தில் வந்தது. மாணவர் தானே போட்டுப் பார்த்துக் கற்கும்படி அமைந்த அந்நூல் பல நாடுகளின் வகுப்பறைகளை எட்டியது. தோதா, ஹாஷித்சுமே ஆகியோருடன் எழுதிய, சமநிலை குலைந்த நிலைகளைப் பற்றிய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1985-இல் வெளியானது.