ஜலாப்புக் கிழங்கும் 1793ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும்

மருந்தின் வரலாற்றை மருத்துவரின் வரலாறாகவே எழுதுதல் பெருவழக்கு. மெக்சிக்கோவின் ஹலாப்பா நகரின் பெயரைத் தாங்கிய ஜலாப்புக் கிழங்கு வேறொரு வரலாற்றையும் உணர்த்துகின்றது. அந்நாட்டுப் பூர்வகுடிகள் அறிந்திருந்த இப்பேதிக் கிழங்கு, ஸ்பானியர் ஆட்சியில் வெராகுரூஸ் துறைமுகம் வழியாக ஐரோப்பியச் சந்தைக்குரிய பண்டமாயிற்று. அதன் பிசினிலுள்ள கிளைக்கோசைட்டுகள், வெல்லத் தொடரொன்று கொழுப்பமிலத்தோடு வளையமாகப் பிணைந்த சேர்வைகள். குடற்சுவரின் மழமழப்பான தசையைக் கடுமையாகச் சுருங்கச் செய்து, குடலில் நீரையும் பெருக்குவன அவை.

1793இல் பிலடெல்பியாவில் மஞ்சட் காய்ச்சல் பரவி ஏறத்தாழ 5,000 பேரைப் பலிகொண்டது. பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் 10 கிரெயின் கலோமெலுடன் 15 கிரெயின் ஜலாப்பைக் கொடுத்தார், குருதியையும் வடித்தார். தசை சுருங்கிக் குடல் கழிந்தமை கண்கூடு. அதனையே நோய் வெளியேறுதலாக அவர் கொண்டார். நோயாளி இழந்ததோ நீரை. (நுளம்பே இந்நோயைப் பரப்புவதென்பது 1900இலேயே நிறுவப்பட்டது.)

கறுப்பின மக்களை இந்நோய் தீண்டாதெனவும் ரஷ் நம்பினார். அவர் அழைப்பையேற்று அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் அலன் ஆகியோர் தம் மக்களைத் திரட்டினர். மருந்தூட்டியோரும் குருதி வடித்தோரும் பிணம் சுமந்தோரும் அவர்களே. அந்நம்பிக்கை பொய்த்தது, நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவரும் மடிந்தனர். எனினும் கறுப்பினத் தாதியர் சிலர் அநியாயக் கூலி பெற்றனர், திருடினர் என மத்தியூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். சந்தையில் விலையேறுவதை இயல்பெனக் கொள்ளும் வர்க்கம், உழைப்பின் விலையேறும்போது மட்டும் ஒழுக்கம் பேசுகின்றது! ஜோன்ஸும் அலனும் 1794இல் சிறுநூலொன்றால் விடையிறுத்தனர். அதில் தம் வரவு செலவுக் கணக்கையும் அச்சிட்டனர். வரவினும் செலவே மிகுதி.